பழுப்புப் பக்கம் சாயும் கறுப்பு: வாட்டர் கலரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் கூடி வரைகிறோம். பெரும்பாலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள். மூன்று நான்கு பேர் களியக்காவிளை எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். எல்லாக் கலரைப் பற்றியும் சந்தேகம் வரும், ஆனால் விடாமல் வருவது கறுப்பைப் பற்றித்தான். அதிலும் பழுப்புப் பக்கம் சாய்ந்த கறுப்பு, கடையில் ‘வார்ம் பிளாக்’ என்று கேட்டு வாங்குவது. ஒரே பதிலை வாட்ஸ்ஆப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். ‘கருப்பு’ என்று எழுதாமல் ஏன் ‘கறுப்பு’ என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் தமிழ் சாரும் மலையாளம் சாரும் ஒற்றுமையாக அடித்துத் திருத்திய ஒரே எழுத்து அந்த ‘று’தான்.

டீச்சர், கறுப்புன்னா கறுப்புதானே? அதுல என்ன வார்ம், கூல்?

கெட்டியாக அப்பினால் எல்லாக் கறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீர் விட்டு இளக்கும்போதுதான் அதன் சாதி வெளியே வரும். கட்டன் சாயாவை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல கடுப்பமாகப் போட்டால் கிளாஸ் நிறைய இருக்கும்போது கறுப்பு. கடைசி மடக்கில் கிளாஸைச் சாய்த்தால் செம்பழுப்பு. பேனா மை வேறு மாதிரி: சில கறுப்பு மைகளைத் தண்ணீரில் கழுவினால் நீலம் ஓடும். முதலாவது வார்ம், இரண்டாவது கூல். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் இருக்கிற எல்லாக் கறுப்பையும் எடுத்து ஒரே பேப்பரில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு பொட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுங்கள். தனியாகப் பார்த்தால் எதுவும் பிடிபடாது, ஒப்பிட்டால்தான் தெரியும். வால்பக்கம் டீக்கறை மாதிரி முடிகிறதா, மழைமேகம் மாதிரி முடிகிறதா என்று பாருங்கள். அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசிக் கேள்விக்கு வரும்போது அது தேவைப்படும்.

கடையில ட்யூபைத் திறக்க விட மாட்டாங்க. வெளியில பாத்து எப்படிக் கண்டுபிடிக்க?

பெயரை நம்பாதீர்கள், ட்யூபின் முதுகில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். கறுப்பு நிறமிகளுக்கு பிபிகே என்று தொடங்கி ஒரு எண் இருக்கும். பிபிகே 9 எலும்புக் கரி, அதுதான் ஐவரி பிளாக். இளக்கினால் பழுப்பு. பிபிகே 11 இரும்பு ஆக்சைடு, அதாவது மார்ஸ் பிளாக். இதுவும் பழுப்பு. பிபிகே 6 விளக்குக் கரி, லேம்ப் பிளாக். நீலச் சாம்பல் பக்கம் சாயும். பிபிகே 7 என்பது ஆலையில் வாயுவையோ எண்ணெயையோ எரித்து எடுக்கும் கார்பன் பிளாக். இது கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். வார்ம் வேண்டுமென்றால் 9 அல்லது 11.

குறியீடே போடாத மலிவு ட்யூபை வாங்காதீர்கள். ‘ஐவரி பிளாக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை நான் ஒருமுறை ஆசையாக வாங்கி வந்தேன். வீட்டில் இளக்கினால் சிமெண்ட் நிறம். கடைக்காரரிடம் கேட்டால், “கறுப்புதானே கேட்டீங்க” என்றார். முதல் கேள்வியைக் கேட்ட பிள்ளையும் அவரும் ஒரே கட்சி.

ஐவரின்னா தந்தம். யானைத் தந்தத்துலயா பெயிண்ட் செய்றாங்க?

ஒரு காலத்தில் செய்தார்கள். சீப்பு, பிடி, பில்லியர்ட்ஸ் பந்து செதுக்கி மிஞ்சிய தந்தத் துண்டுகளைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சுட்டால் அருமையான கறுப்பு கிடைக்கும். இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1990 முதல் தடை. அதற்கு வெகுகாலம் முன்பே வண்ணக் கம்பெனிகள் மாட்டெலும்புக்கு மாறிவிட்டன.

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், இந்தக் கறுப்பில் கரி என்பது சுமார் 10 முதல் 20 விழுக்காடுதான். மீதி பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், அதாவது எலும்பின் சாம்பல். அதனால்தான் லேம்ப் பிளாக் மாதிரி ஒரு சொட்டு விழுந்ததும் பக்கத்துக் கலரையெல்லாம் விழுங்குவதில்லை. கலவையில் பொறுமையாக நடந்துகொள்ளும். புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதற்குக் காரணம் அதன் பழுப்பு மட்டுமல்ல, இந்தப் பலவீனமும்தான்.

நாங்க சுத்த சைவம். எலும்புன்னு தெரிஞ்ச பிறகு தொட மனசு வரல. வேற வழி உண்டா?

உண்டு. பிபிகே 11 வாங்குங்கள். அது முழுக்க இரும்பு, வார்மாகவும் இருக்கும். ஆனால் செப்பியா, நியூட்ரல் டின்ட் போன்ற கலவைக் கலர்களிலும் சில கம்பெனிகள் 9ஐச் சேர்க்கும், அங்கேயும் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

நிறமியோடு விஷயம் முடிவதில்லை. வாட்டர் கலரின் பசை பெரும்பாலும் வேல மரப் பிசின், அதில் பிரச்சினை இல்லை. சில கம்பெனிகள் தேன் சேர்க்கும். சிலர் பரவுவதற்காக மாட்டுப் பித்தம் சேர்ப்பார்கள். சேபிள் பிரஷ் விலங்கு முடி, சில பேப்பர்களின் மேல்பூச்சு ஜெலட்டின். எதுவரை போவது என்பது உங்கள் மனசாட்சி. நைலான் பிரஷ்ஷிலும் நன்றாகவே வரையலாம் என்பது மட்டும் என் சாட்சியம்.

மார்ஸ் பிளாக் பேப்பர்ல மணல் தூவின மாதிரி நிக்குது. என் ட்யூப் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. இரும்பு ஆக்சைடு கனம் கூடியது. தண்ணீர் ஓடும்போது கூடவே ஓடாமல் பேப்பரின் குழிகளில் உட்கார்ந்துவிடும், துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியும் நிற்கும். சொரசொரப்பான பேப்பரில் இன்னும் தூக்கலாகத் தெரியும். டேனியல் ஸ்மித் கம்பெனி இதே பிபிகே 11ஐ ‘லூனார் பிளாக்’ என்று விற்கிறது. அதை வாங்குகிறவர்கள் வாங்குவதே அந்த மணலுக்காகத்தான்.

இது காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு. ஈரம் காயும் முன்பு பேப்பருக்கு அடியில் ஒரு வலுவான காந்தத்தை வைத்து நகர்த்துங்கள், துகள்கள் மயிர்க்கால் மாதிரி நிமிர்ந்து ஊரும். எங்கள் வகுப்பில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் பழைய ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தத்தைக் கொண்டு வந்துவிட்டான். அன்று யாரும் படம் வரையவில்லை. கருங்கல் சுவர், பழைய மதில், பாசி பிடித்த படிக்கட்டு இவற்றுக்கெல்லாம் இந்தக் கறுப்பு பாதி வேலையைத் தானே செய்துவிடும். வழவழப்பான எதற்கும், உதாரணமாகக் கண்மணிக்கு, தொடாதீர்கள்.

வாட்டர் கலர்ல கறுப்பே தொடக்கூடாதுன்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கீங்க?

அந்த விதி சும்மா வந்ததல்ல. நிழலுக்குள்ளும் நிறம் இருக்கிறது என்று பிரான்சின் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டில் காட்டியபோது கறுப்பு ட்யூப் பலர் பேலட்டிலிருந்து இறங்கியது. ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பும் ஒன்று உண்டு: எதற்கு நிழல் போட்டாலும் அந்தப் பொருளின் கலரோடு கறுப்பைச் சேர்ப்பது. கரி எல்லா ஒளியையும் சாப்பிடும். எனவே செம்பருத்தியின் நிழல் புழுதியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் “தொடாதே” என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் போகாதே என்பது மாதிரி. வளர்ந்த பிறகும் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது?

நம் பக்கத்துச் சுவரோவியத்தைப் பாருங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடத்தில் இருப்பதும் கேரளக் கோயில்களில் இருப்பதும் ஒரே மரபு. மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிறங்கள்தான். கறுப்பு, விளக்குக் கரி. அந்தக் கறுப்புக் கோடு இல்லையென்றால் உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். நிழலுக்குப் பூசும் கறுப்பும் வரம்பு கட்டும் கறுப்பும் வேறு வேறு வேலை. ஒன்றுக்குச் சொன்ன தடையை மற்றதுக்கும் போட்டுவிட்டார்கள்.

அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தா கறுப்பு வருதே? பிறகு எதுக்கு தனி ட்யூப்?

வரும், நானும் பாதி நேரம் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கொஞ்சம் தூக்கினால் வார்ம், அல்ட்ராமரின் என்ற நீலத்தைத் தூக்கினால் கூல். சியன்னாவுக்குப் பதில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு போட்டால் இன்னும் ஆழம். இந்தக் கலவையின் அழகு காயும்போது கொஞ்சம் பிரிவது: ஓரத்தில் ஒரு நீலம், நடுவில் ஒரு செம்பழுப்பு. ட்யூப் கறுப்பில் அது வராது.

ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மழை வரப்போகிற நேரத்தில், அரண்மனை முற்றத்தில் நின்றுகொண்டு ஒரே அளவு கலவையை நாலு தடவை போடுவது நடக்காது. ஒவ்வொரு தடவையும் வேறு கறுப்பு வரும். பெரிய பரப்புக்கு ஒரே சீரான பழுப்புக் கறுப்பு வேண்டுமென்றால் ட்யூப். உயிரோட்டமான நிழல் வேண்டுமென்றால் கலவை.

அலிசரின் கிரிம்சனும் தேலோ பச்சையும் கலந்து கறுப்பாக்கச் சொல்வதும் உண்டு. அழகான ஆழம் வரும். ஆனால் பழைய அலிசரின், அதாவது பிஆர் 83 (பிஆர் என்பது சிவப்பு நிறமிகளின் குறியீடு), வெளிச்சத்தில் மங்கும். சிவப்பு போய் பச்சை மட்டும் நின்றால் சில வருஷத்தில் உங்கள் கறுப்பு யானை பச்சை யானையாகும். அதற்குப் பதில் பெரிலீன் மெரூன், பிஆர் 179 போடுங்கள்.

பூசும்போது கன்னங்கரேல்னு இருக்கு. காஞ்சதும் சிலேட்டு மாதிரி வெளுத்துப்போகுது. ஏன்?

ஈரமாக இருக்கும்போது தண்ணீர் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பி, மேலே கண்ணாடி போட்டது போல் நிற்கிறது. ஒளி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். காய்ந்தால் அந்தச் சந்துகளில் காற்று. வெளிச்சம் சிதறித் திரும்பும், கண்ணுக்குச் சாம்பல் படும். முற்றத்துச் செம்மண் மழையில் கறுத்து, வெயிலில் வெளுப்பது இதே கணக்கு. எல்லாக் கலருக்கும் இது நடக்கும், கறுப்பில்தான் உறைக்கும்.

எனவே நினைப்பதைவிட ஒரு படி கனமாகப் போடுங்கள். முதல் பூச்சு முழுதும் காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சை ஒரே இழுப்பில் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடியில் உள்ளது கிளம்பி இரண்டும் சேறாகும். ஆனி ஆடிச் சாரலில் எங்கள் பக்கம் பேப்பர் சொன்ன நேரத்துக்குக் காயாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கறுப்போட மஞ்சள் சேத்தா பச்சை வருது. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா?

தப்பே இல்லை, அது ஒரு பரிசு. மஞ்சளை இருட்டாக்கினால் நம் கண் அதை இருண்ட மஞ்சளாகப் பார்ப்பதில்லை, ஆலிவ் பச்சையாகப் பார்க்கும். ஐவரி பிளாக்கோடு எலுமிச்சை மஞ்சள் சேர்த்தால் ரப்பர் தோட்டத்தின் உள்நிழல். மஞ்சள் காவி சேர்த்தால் ஓட்டின் மேல் பிடித்த பாசி. நம் ஊரை வரைவதற்கு இதைவிட வசதியான பச்சை ட்யூபில் கிடைப்பதில்லை என்பது என் கட்சி. ட்யூப் பச்சைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் வாளி நிறம்.

அதே கறுப்போடு ஆரஞ்சு சேர்த்தால் பழுப்பு. முற்றிய பலாத்தடியின் நிறம் அதிலிருந்து வரும்.

தலைமுடிக்கு எந்தக் கறுப்பு? முகத்து நிழலுக்கும் அதையே போடலாமா?

முகத்துக்கு வேண்டாம். அங்கே ட்யூப் கறுப்பு போட்டால் அடிபட்டுக் கன்றிய மாதிரி இருக்கும். பர்ன்ட் சியன்னா கூடின அல்ட்ராமரின் கலவையை இளக்கிப் போடுங்கள். மேலே சொன்னதுதான்.

முடிக்கு வார்ம் கறுப்பு நன்றாக உட்காரும், நம் முடி வெயிலில் பழுப்புக் காட்டும் முடி. ஆனால் எண்ணெய் தேய்த்த முடியில் விழும் மினுக்கம் முடியின் நிறமல்ல, ஆகாயத்தின் நிறம். வெளியே நிற்கிறவர் என்றால் அந்த இடத்தை முதலில் இளநீலமாகப் பூசிக் காயவைத்து, சுற்றிலும் கறுப்பை வையுங்கள். ஒவ்வொரு மயிராக வரையாதீர்கள். வகிடு, காதோரம், பின்னல் முடியும் இடம் மூன்றையும் கூர்மையாக வைத்தால் மீதியைப் பார்க்கிறவர் கண் வரைந்துகொள்ளும்.

பத்மநாபபுரம் அரண்மனைத் தரை கண்ணாடி மாதிரி இருக்கே, அதை எப்படிப் போட?

எங்கள் வகுப்பில் வருஷா வருஷம் இதில்தான் அதிகம் பேப்பர் வீணாகும். அந்தத் தரையில் சுண்ணாம்போடு சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் செடிச் சாறுகளும் சேர்ந்திருக்கின்றன என்று பக்கத்தில் நிற்கும் எந்த வழிகாட்டியும் சொல்வார். சொல்லாவிட்டாலும் பார்த்தாலே தெரியும், அது செத்த கறுப்பல்ல. குனிந்து பார்த்தால் ஆழத்தில் ஒரு பழுப்பு. ஜன்னல் அழியிலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் நீலம். (திங்கட்கிழமை பூட்டு. மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் வாசலில் நின்ற அனுபவம் உண்டு.)

தரையைக் கறுப்பாகப் பூசிவிட்டு அதன் மேல் வெளிச்சம் வைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது பேப்பர்தான். முதலில் ஜன்னல் வெளிச்சம் விழும் பட்டைகளை விட்டுவிட்டு, மீதி முழுவதும் பர்ன்ட் சியன்னாவை மெலிதாக ஓடவிடுங்கள். காயட்டும். அதன் மேல் ஐவரி பிளாக்கைக் கனமாக, பிரஷ்ஷை மேலிருந்து கீழ் நேராக இழுத்துப் போடுங்கள். வழவழத் தரையில் பிரதிபலிப்பு எப்போதும் செங்குத்தாகத்தான் விழும். தூண் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே தூணின் நிறத்தையே கொஞ்சம் இருட்டாக்கி இறக்குங்கள். தூணின் அடியும் பிரதிபலிப்பும் தொடுகிற அந்த ஒரு கோடு மட்டும் கூர்மையாக இருக்கட்டும், கீழே போகப் போக ஈரப் பிரஷ்ஷால் கலைத்துவிடுங்கள். அடியில் கிடக்கும் சியன்னா கறுப்பின் வழியே மூச்சுவிடும். லேம்ப் பிளாக் போட்டுப் பார்த்திருக்கிறேன், அந்த அடிப்பூச்சையே மூடி, தரை தார்ரோடாகிவிட்டது.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் கூரையில் 90 விதப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வராதீர்கள். மூன்று பூ வரைந்துவிட்டு மீதியை நிழலுக்குள் தள்ளுங்கள்.

செப்பியா, பேய்ன்ஸ் கிரே, நியூட்ரல் டின்ட்: இதெல்லாம் வார்ம் கறுப்புதானா?

செப்பியா மட்டும் வார்ம். இன்று ட்யூபில் வருவது பெரும்பாலும் பழுப்பு இரும்பு நிறமியும் ஏதாவது ஒரு கறுப்பும் கலந்தது. பேய்ன்ஸ் கிரே நீலம். அதை வழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் பேய்ன். நியூட்ரல் டின்ட் பெயருக்கு ஏற்றபடி நடுவில் நிற்கும், பெரும்பாலும் ஊதாப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

செப்பியா கணவாய் மையில இருந்து வந்ததாமே? குளச்சல்ல எங்க வீட்டுலயே கணவாய் வெட்டுறோம். அதை வச்சு வரையலாமா?

வரையலாம். செப்பியா என்பதே ஓட்டுக் கணவாயின் பெயர்தான். மைப்பையை உடையாமல் எடுத்து, காயவைத்து, பொடித்து, பிசின் தண்ணீரில் குழைத்தால் நல்ல பழுப்புக் கறுப்பு கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று நாற்றம். காயவைத்த மூன்று நாளும் பூனை எங்கள் மாடியை விட்டு இறங்கவில்லை. இன்னொன்று, அது உயிர்ப்பொருள், நேர் வெயிலில் மங்கும். நோட்டுக்குள் வைத்துக்கொள்ளும் படத்துக்குச் சரி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்குச் சரிப்படாது.

கண்மை செய்ற மாதிரி விளக்குக் கரி எடுத்து நானே கலர் பண்ணலாமா? அது வார்மா?

செய்யலாம், நான் கெடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். விளக்கெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றி, மேலே மண்சட்டியைக் கவிழ்த்து, ராத்திரி முழுக்க விட்டுக் கரியை வழித்தேன். ஆசையாகத் தண்ணீர் ஊற்றினேன். கரி மொத்தமும் எழுந்து தண்ணீரின் மேல் மிதந்தது, ஒரு துளி நனையவில்லை. மூச்சுவிட்டதும் அடுக்களை முழுக்கப் பறந்தது. புதுக்கரியில் எண்ணெய்ப்பசை இருக்கும், தண்ணீரைச் சேர்க்காது. முதலில் சில சொட்டு ஸ்பிரிட் விட்டுக் களியாக்கி, பிறகுதான் பிசின் தண்ணீர் சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் அரைக்க வேண்டும். பூஞ்சை வராமல் ஒரு துளி கிராம்பு எண்ணெய் விடுங்கள்.

வார்மா என்றால், எண்ணெயைப் பொறுத்தது. சீன மையிலும் எண்ணெய்க் கரி பழுப்புப் பக்கமும் பைன் மரக் கரி நீலப் பக்கமும் சாய்வதாகப் பிரித்தே விற்பார்கள். எனக்குக் கிடைத்தது லேசான பழுப்பு, கடை லேம்ப் பிளாக்கைவிட வார்ம், ஐவரி அளவுக்கு இல்லை. சிரட்டைக் கரியும் முயன்றேன். அம்மியில் எவ்வளவு அரைத்தும் நறநறப்பு போகவில்லை, நிறமும் நீலச் சாம்பல். அதைத் தேய்ப்புப்பெட்டிக்கே விட்டுவிடுங்கள்.

மணவாளக்குறிச்சி கடற்கரையில கறுப்பு மணல் கிடக்கே. அதுவும் இரும்புதானே, அரைச்சா மார்ஸ் பிளாக் ஆகாதா?

ஆகாது, எடுக்கவும் வேண்டாம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. மார்ஸ் பிளாக் ஆலையில் தயாராகும் வேறு இரும்பு ஆக்சைடு. காந்தம் வைத்தாலே வித்தியாசம் தெரியும், இல்மனைட் சோம்பேறித்தனமாகத்தான் நகரும். அந்த மணலில் கூடவே மோனசைட்டும் கிடக்கிறது. அதில் தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ளது. கடற்கரையில் நடப்பது வேறு, அதை நைசாகப் பொடித்து மூக்குக்கு நேரே வைத்து அரைப்பது வேறு. பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் கடற்கரையை வரையுங்கள். ஈர மணலில் கறுப்பு வரிவரியாகப் படிந்திருப்பதற்கு மார்ஸ் பிளாக்கின் மணல் குணம்போல் வேறு கிடையாது.

ஈரத்து மேல வச்சா கறுப்பு ஓடி ஊரையே கெடுக்குது. எப்படிக் கட்டிப் போட?

எந்தக் கறுப்பு என்பதுதான் முதல் கேள்வி. லேம்ப் பிளாக்கின் துகள் மிக நுண்ணியது, ஈரத்தில் புகை மாதிரி பரவும். ஐவரி அதைவிட அடங்கும், மார்ஸ் விழுந்த இடத்திலேயே உட்காரும். அடுத்தது ஈரத்தின் கணக்கு. பேப்பரின் மினுமினுப்பு போய், ஆனால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில், பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாகவும் கலர் கனமாகவும் எடுத்து வையுங்கள். பேப்பரைவிடப் பிரஷ் ஈரமாக இருந்தால் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும்.

மீறி ஓடினால் துடைத்து எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். ஐவரியை உடனே ஒற்றினால் பெரும்பகுதி வரும், கறை கொஞ்சம் மிஞ்சும். லேம்ப் பிளாக் பேப்பர் நாரில் பிடித்துக்கொள்ளும், அதோடு மல்லுக்கட்டாமல் அங்கே ஒரு காக்கையை உட்காரவைத்துவிடுங்கள்.

இந்தக் கறுப்பெல்லாம் நாளாவட்டத்தில மங்குமா?

பிபிகே 9, 6, 11 மூன்றுக்கும் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் வரிசையில் வெளிச்சத்துக்கு நிற்பதில் முதல் இடம். மங்குவது கலவையில் சேர்ந்த மற்றக் கலர்தான். அலிசரின் கதை நினைவிருக்கும். எங்கள் ஊரில் வெயிலைவிட ஈரம்தான் எதிரி. கலர் வைக்கும் சின்னக் கிண்ணங்களான பான்களைக் காயாமல் மூடினால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பூக்கும். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் காற்று போக இடம் விடுங்கள்.

டீச்சர், ஒரே படத்துல வார்ம் கறுப்பும் கூல் கறுப்பும் சேத்துப் போடலாமா? அடிச்சுக்காதா?

இதைக் கேட்பவர்கள் முதல் பேப்பரைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள். போடலாம், ஆனால் இரண்டையும் பேலட்டில் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டு சாய்வும் அடித்துக்கொண்டு பெயரில்லாத கறுப்பு மிஞ்சும். இடத்தைப் பிரித்துக் கொடுங்கள். போன மழைக்காலத்தில் நனைந்த ஓட்டுக்கூரை மேல் நின்ற காக்கையை வரைந்தோம். ஓட்டு வரிசைகளுக்கு அடியில் உள்ள இருட்டு முழுக்க ஐவரி, அதில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா. காக்கையின் முதுகும் இறக்கையும் லேம்ப் பிளாக்கில் ஒரு துளி அல்ட்ராமரின். கழுத்துச் சாம்பலுக்கு அதையே இளக்கியது. இரண்டும் கறுப்புதான், கோடு எதுவும் போடாமலே காக்கை கூரையை விட்டு எழுந்து நின்றது. அலகும் காலும்? அவை மறுபடி ஐவரி. கால் ஓட்டின் மேல் அல்லவா இருக்கிறது.